கருப்பை யாருடைய நிலம்?

2024-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில், மூன்று வெவ்வேறு மேடைகளிலிருந்து இந்தியப் பெண்களின் கருப்பைக்குக் கோரிக்கை வந்தது. அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, முதியோர் எண்ணிக்கை கூடுகிறது, அதனால் அதிகக் குழந்தை பெறுங்கள் என்றார். குறைந்தது இரண்டு குழந்தை பெற்றவர்கள்தான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவருவது பற்றியும் பேசினார். அதே மாதம் சென்னையில் இந்து சமய அறநிலையத்துறை நடத்திய திருமண விழாவில் அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க.ஸ்டாலின், தொகுதி மறுசீரமைப்பை மனத்தில் வைத்து, பதினாறு செல்வங்களை வாழ்த்திய காலம் போய்ப் பதினாறு பிள்ளைகளே பெற வேண்டிய நிலை வருமோ என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். டிசம்பர் 1 அன்று நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பகவத், சமூகம் அழியாமலிருக்க ஒவ்வொரு குடும்பமும் மூன்று குழந்தை பெற வேண்டும் என்றார்.

மூவரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்பது உண்மையான அநீதி. அதை எதிர்ப்பது நியாயம். பகவத்தின் கவலைக்குப் பின்னால் இருப்பது வேறு அரசியல். ஆனால் மூன்று பேச்சுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நாடு, மாநிலம், சமூகம் என்று யார் யாருக்கோ பிள்ளை தேவைப்படுகிறது. பெற வேண்டியவளுக்குத் தேவையா என்ற கேள்வி மட்டும் எந்த மேடையிலும் எழவில்லை.

இந்தக் கேள்வி எழாமல் போவது தற்செயல் இல்லை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதியை எழுதியவை மத நூல்கள். சுயமரியாதை இயக்க இதழ்களில் நடந்த பெண்ணுரிமை விவாதங்களை ஆய்வுக்காகப் படித்து வருகிறேன். அந்த எழுத்தாளர்கள் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று தெரிந்துகொள்ள மூல நூல்களுக்குப் போக வேண்டியிருந்தது. அப்படிப் படித்தபோது என்னை அதிகம் உலுக்கியது, பெண்ணை இழிவுபடுத்தும் இடங்கள் அல்ல. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. பெண்ணைப் புகழும் இடங்கள்தான்.

நிலமும் விதையும்

மனுஸ்மிருதியின் 9-ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பெண்கள் பூசைக்குரியவர்கள், வீட்டின் விளக்குகள் என்று அங்கே வருகிறது. எதனால்? பிள்ளை பெறுவதனால். அதே அத்தியாயம், பெண்கள் தாயாவதற்காகவே படைக்கப்பட்டார்கள் என்றும் சொல்கிறது. பிறகு ஓர் உவமை வருகிறது. பெண் நிலம், ஆண் விதை. எந்த விதை போடப்படுகிறதோ அந்தப் பயிர்தான் முளைக்கும், ஆகவே விதையே உயர்ந்தது என்கிறது நூல்.

இதற்குப் பிறகு வரும் விவாதத்தை யாரும் மேடையில் எடுத்துக்காட்டிப் பார்த்ததில்லை. அடுத்தவன் நிலத்தில் ஒருவன் விதைத்துவிட்டால் விளைச்சல் யாருக்கு? விதைத்தவனுக்கா, நிலத்துக்காரனுக்கா? நூல் தரும் தீர்ப்பு: முன்கூட்டி ஒப்பந்தம் இல்லையென்றால் நிலத்துக்காரனுக்கு. இதற்கு அது காட்டும் உதாரணங்கள் பசு, குதிரை, ஒட்டகம், அடிமைப் பெண், எருமை, ஆடு. காளை யாருடையதாக இருந்தாலும் கன்று பசுவின் சொந்தக்காரனுக்கு. பிறர் மனைவியின் விஷயத்திலும் அப்படித்தான் என்கிறது.

மத நூலுக்குள்ளேயே விவாதம் உண்டு, மாற்றுக் கருத்து உண்டு என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த விவாதத்தைப் படிக்க வேண்டும். விவாதம் நடக்கத்தான் செய்கிறது. நடப்பது இரண்டு ஆண்களுக்கு இடையில். நிலத்தின் கருத்தை யாரும் கேட்பதில்லை.

விளையாத நிலத்துக்கு என்ன ஆகும் என்பதற்கும் அங்கே கணக்கு இருக்கிறது. பிள்ளை இல்லாத மனைவியை 8-ஆம் ஆண்டில் ஒதுக்கி வேறொருத்தியை மணக்கலாம். பிறந்த பிள்ளைகள் இறந்துபோனால் 10-ஆம் ஆண்டில். பெண்ணாகவே பெற்றால் 11-ஆம் ஆண்டில். எதிர்த்துப் பேசினால் காத்திருக்கவே வேண்டாம், உடனே. வீட்டு விளக்கு என்ற புகழ்ச்சிக்கு இப்படி ஒரு காலக்கெடு இருந்தது.

சாதியின் வாசல்

இதெல்லாம் ஆணாதிக்கம், இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்பார்கள். சாதி வெளியிலிருந்து வந்து இதில் ஒட்டிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கமே சாதிதான்.

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை, ‘இந்தியாவில் சாதிகள்’. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அவர் அதில் காட்டினார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் ‘மிகுதி’ ஆகிறாள். அவள் வெளியே மணந்தால் சாதி உடையும். உள்ளே மறுமணம் செய்தால் இன்னொருத்தியின் வாய்ப்பைப் பறிப்பாள். அதனால்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தைத் திருமணம் ஆகியவை வந்தன என்பது அவர் வாதம். பெண் உடலைப் பூட்டாமல் சாதியைக் காப்பாற்ற முடியாது என்பதை அவர் கிட்டத்தட்டக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்.

மனுவின் 10-ஆம் அத்தியாயத்தை இதோடு சேர்த்துப் படித்தால் படம் முழுமையாகும். எந்த வருண ஆணுக்கும் எந்த வருணப் பெண்ணுக்கும் பிறந்தால் எந்தச் சாதி என்று அங்கே நீண்ட பட்டியல் இருக்கிறது. சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையை ‘சண்டாளர்’ என்று மனிதரில் கடையராக வைக்கிறது நூல். தீண்டாமைக்கே ஒரு கருப்பையைக் காரணம் காட்டியிருக்கிறார்கள். ‘தவறான’ விதை விழுந்த நிலமாம்.

இந்தத் தர்க்கம் ஓலைச்சுவடியோடு போய்விடவில்லை. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி கொளுத்தப்பட்டது ஏன்? ஒரு வன்னியர் பெண் தலித் இளைஞரை மணந்ததற்காக. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது ஏன்? கொலைக்குக் கிளம்பியவர்கள் யாரும் மனுவைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்கத் தேவையே இல்லை என்பதுதான் மனுவின் வெற்றி.

வழக்கமாக வரும் மூன்று பதில்கள்

கல்லூரிகளில் இதைப் பேசும்போதெல்லாம் மூன்று பதில்கள் தவறாமல் வருகின்றன. மூன்றையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதல் பதில்: மனுவை இன்று யார் பின்பற்றுகிறார்கள்? செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர்கள்? ஒரு திருத்தம். 1794-ல் வில்லியம் ஜோன்ஸ் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அது உயிர் பெற்றது. ஆங்கிலேய நீதிமன்றங்கள் தர்ம சாத்திரங்களைக் கொண்டு ‘இந்துச் சட்டம்’ என ஒன்றை உருவாக்கின. 1890-ல் கல்கத்தாவில் புல்மணி தாசி என்ற சிறுமி, கணவனின் வன்புணர்வால் இரத்தம் போயே செத்தாள். அதையொட்டி உடலுறவுக்கான சம்மத வயதை 10-லிருந்து 12 ஆக உயர்த்த 1891-ல் சட்டம் வந்தது. அதற்கே சனாதனிகள் கொதித்தார்கள். பெண் பூப்படைந்ததும் கர்ப்பாதானச் சடங்கு நடந்தாக வேண்டும், சட்டம் அதைத் தடுக்கிறது என்பது அவர்களின் முக்கிய வாதம். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியபோதும், பூப்புக்கு முன் மணம் முடிக்காதது பாவம் என்று சென்னை மாகாணத்தின் சனாதனிகள் சாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தது ஒரு பழம்பொருளை அல்ல. அன்று நடைமுறையில் இருந்த ஒன்றை.

இரண்டாவது பதில்: பெண்கள் மதிக்கப்படும் இடத்தில் தேவர்கள் மகிழ்கிறார்கள் என்று அதே மனுதானே சொல்கிறார்? ஆம், 3-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. தொடர்ந்து நான்கு வரி படித்தால், மதிப்பது எப்படி என்பதும் வருகிறது: செழிக்க விரும்பும் ஆண்கள் பண்டிகை நாட்களில் பெண்களுக்கு நகை, துணி, உணவு கொடுத்து மதிக்க வேண்டும். அங்கே செழிக்கப் போவது குடும்பமும் குலமும். எந்த வயதிலும் பெண் சுதந்திரத்துக்குத் தகுதியற்றவள் என்று சொல்லும் நூலும் இதுவேதான். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. நிலத்துக்கு உரம் போடுகிறவன் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை.

மூன்றாவது பதில்: எல்லா மதங்களும் அப்படித்தானே? இந்து மதத்தை மட்டும் ஏன்? இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒளிக்கக் கூடாது. விவிலியத்தின் ஆதியாகமம் பிரசவ வேதனையை ஏவாளின் தண்டனையாகச் சொல்கிறது. 1847-ல் எடின்பரோவில் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்த மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன், மத அடிப்படையிலான ஆட்சேபங்களுக்கு அதே ஆண்டிலேயே தனிப் பிரசுரம் எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968-ல் போப் ஆறாம் பால் அறிவித்தார். இடைக்கால இசுலாமியச் சட்ட அறிஞர்களில் பலர் கருத்தரிப்பைத் தவிர்க்கும் முறையை அனுமதித்தார்கள். சுதந்திரமான மனைவி என்றால் அவள் சம்மதம் வேண்டும் என்றவர்கள் பலர். அடிமைப் பெண்ணின் சம்மதம் தேவையில்லை என்றவர்களும் அவர்களே.

நாம் போற்றும் பௌத்தத்தையும் விட்டுவிட வேண்டாம். மல்லிகைக்குப் பெண் பிறந்ததென்று கோசல மன்னன் பசேனதி முகம் சுளித்தபோது, பெண் ஆணைவிடச் சிறந்தவளாக வரக்கூடும் என்று புத்தர் தேற்றினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வார்த்தை. ஆனால் அவள் பெறும் மகன் வீரனாகலாம், நாடாளலாம் என்பதும் அந்தத் தேறுதலில் சேர்ந்தே வருகிறது. பிக்குணிகளுக்கு எட்டுக் கூடுதல் விதிகள் போடப்பட்டதும் மரபில் பதிவாகியிருக்கிறது. இருந்தாலும் பௌத்தம் ஒரு கதவைத் திறந்தது: மனைவியாகவும் தாயாகவும் இல்லாமல் ஒரு பெண் வாழலாம், அறிவு தேடலாம் என்று ஏற்றது. அதன் விளைவு தேரிகாதை. பிக்குணிகளின் பாடல்களாக வரும் அந்தத் தொகுப்பில் கிசா கோதமி, பிரசவத்தின் கொடுமை தாங்காமல் கழுத்தை அறுத்துக்கொண்ட பெண்களையும் நஞ்சுண்ட பெண்களையும் பற்றிப் பேசுகிறாள். நிலம் வாய் திறந்தால் என்ன பேசும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது.

ஆக, எல்லா மதங்களும் கருப்பையின் மீது உரிமை கொண்டாடின. பார்ப்பனியத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. பிறக்கும் குழந்தையின் தொழில், கல்வி, தொடுவதா கூடாதா என்பது வரை அனைத்தும் எந்தக் கருப்பையில் யாருக்குப் பிறந்தது என்பதை வைத்தே முடிவாகிறது. அதனால்தான் இங்கே காவல் இவ்வளவு கடுமையாக இருக்கிறது. எல்லோரும் செய்தார்கள் என்பது விளக்கம் ஆகலாம், மன்னிப்பு ஆகாது.

யாருக்காகக் கருத்தடை?

1930-களில் கருத்தடை இந்தியா முழுக்க விவாதப் பொருளாக இருந்தது. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தா சென்று காந்தியைச் சந்தித்தார். காந்தி கருத்தடைச் சாதனங்களை ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். சென்னையில் படித்த மேல்சாதி ஆண்கள் நியோ-மால்தூசியச் சங்கம் வைத்துக் கருத்தடைக்குப் பிரச்சாரம் செய்தார்கள். மக்கள்தொகைப் பெருக்கமும் வறுமையும் நாட்டின் பலமும் அவர்களின் கவலை.

பெரியார் இவர்கள் இருவரிடமிருந்தும் விலகி நின்றார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் உள்ள கர்ப்பத்தடை பற்றிய கட்டுரையில் அந்த வேறுபாட்டை அவரே வகுத்துச் சொல்கிறார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், குடும்பச் சொத்து, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் காட்டுகிறார்கள். நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்பது அதன் சாரம். பெண்கள் பிள்ளை பெறாவிட்டால் மனித இனம் பெருகாதே என்ற கேள்விக்கு, பெருகாவிட்டால் பெண்களுக்கு என்ன நட்டம் என்று திருப்பிக் கேட்டார். இதை வெறும் குறும்பு என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நூற்றுக்கு நூறு தர்க்கமாகவே படுகிறது. ஊருக்கு என்ன லாபம் என்றே கேட்டுப் பழகிய சமூகத்திடம், அவளுக்கு என்ன லாபம் என்று கேட்ட குரல் அது.

அம்பேத்கர் இதைச் சட்டமன்றத்துக்கே கொண்டு போனார். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தப் பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளி அந்தச் சுமையில் பங்கேற்பது நியாயம் என்றார். 1938 நவம்பரில் கருத்தடை வசதிகளை அரசு செய்துதர வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் சார்பில் பி.ஜே.ரோகம் முன்வைத்தார். பிரசவ வலியை ஆண்கள் தாங்க வேண்டியிருந்தால் ஒருவனும் வாழ்நாளில் ஒன்றுக்கு மேல் பெறச் சம்மதிக்க மாட்டான் என்ற வாதம் அந்த உரையில் இருக்கிறது. தீர்மானம் தோற்றது. 1942-ல் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு கூடியபோது, மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணத்தைத் தடுக்க வேண்டும் என்று தலித் பெண்களே தீர்மானம் போட்டார்கள்.

ஒரு கட்டளைக்கு இரண்டு முகம்

இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘பெறு’ என்று கட்டளையிடுவது மட்டும் அடக்குமுறை இல்லை. ‘பெறாதே’ என்று கட்டளையிடுவதும் அதுவே. நெருக்கடி நிலையின்போது 1976-77-ல் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கோபத்தில் ஆட்சியே கவிழ்ந்தது. அதன்பின் அரசு ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு. ஆணுக்குச் செய்வது எளிய சிகிச்சை. ஆனால் விதைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே!

2014 நவம்பரில் சத்தீசுகரின் பிலாசுபூர் அருகே ஒரே முகாமில், ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். 10-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழைப் பெண்கள், தலித், பழங்குடி, பிற்பட்ட சாதிப் பெண்கள். ‘நம் சமூகம் பெருக வேண்டும்’ என்ற பேச்சும், ‘அவர்கள் பெற்றுத் தள்ளுகிறார்கள்’ என்ற பேச்சும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கவனியுங்கள். எந்த நிலத்தில் விளைய வேண்டும், எதைத் தரிசாக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தன்னிடம் இருப்பதாக நினைக்கிறவன்தான் இப்படிப் பேச முடியும்.

எனவே, குழந்தை வேண்டாம் என்கிற பெண்ணோடு நிற்பதைப் போலவே, பெற விரும்பும் தலித், பழங்குடி, முசுலிம் பெண்ணோடும் நிற்க வேண்டும். தாய்மையை மறுப்பது மட்டுமே முற்போக்கு என்று நம்மில் சிலர் பேசுவது பெரியாரைப் பாதி மட்டும் படிப்பது. அவர் கேட்டது விடுதலையை. முடிவு அவளுடையது என்பதே அதன் பொருள்.

தமிழ்நாட்டின் கருவள விகிதம் அதே ஆய்வின்படி 1.8. இந்தியச் சராசரி 2.0. பெண்கள் படித்தது, தாமதமாக மணந்தது, ஆரம்ப சுகாதார நிலையம் ஊர் வரை வந்தது எல்லாம் சேர்ந்து சாதித்தது இது. இதைச் சாதித்ததற்காக டெல்லி நம்மைத் தண்டிக்கக் கூடாது என்று உரக்கப் பேசுவோம். ஆனால் அந்தத் தண்டனையைச் சமாளிக்கும் பொறுப்பைப் பெண்களின் வயிற்றில் இறக்கிவைக்காதீர்கள். சுயமரியாதை இயக்கத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் எந்தக் கட்சிக்கும் இதைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு.

செய்ய வேண்டிய வேலைகள் கண்ணெதிரே இருக்கின்றன. திருமணம் ஆகாத பெண்ணுக்கும் சட்டப்படி பாதுகாப்பான கருக்கலைப்பு உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயது வந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது 1971 சட்டத்திலிருந்தே உள்ளது. ஆனாலும் கணவன் கையெழுத்து எங்கே, அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்கும் மருத்துவமனைகள் இன்றும் இருக்கின்றன. நிலத்துக்காரனைக் கூட்டி வா என்பதைத்தான் அவை நாகரிகமாகக் கேட்கின்றன. உங்கள் தோழிக்கோ தங்கைக்கோ அந்தக் கேள்வி வந்தால் கூடப் போய் நில்லுங்கள். சட்டத்தைச் சொல்லுங்கள். எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வீட்டில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பெண்ணிடம் ‘ஏதும் விசேஷம் உண்டா’ என்று யாராவது கேட்டால், அவளுக்கு முன்னால் நீங்கள் பதில் சொல்லுங்கள்: அது அவள் விஷயம்.